இறக்கத்தைப் பார்த்து மலையைத் தேர்ந்தெடுங்கள்: சின்னக் குழந்தைகளோடு எளிய மலைநடைக்கு முழு வழிகாட்டி

சின்னக் குழந்தைகளை மலைக்கு அழைத்துப் போகிறவர்கள் பெரும்பாலும் ஏற்றத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஏறும்போது குழந்தைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. மூச்சு வாங்கினால் நடுவழியில் உட்கார்ந்துவிடும், இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்ததும் மறுபடி ஓடும். சிக்கல் எல்லாம் இறங்கும்போதுதான். காலையில் இருந்த தெம்பு தீர்ந்திருக்கும், மதியத் தூக்கம் கண்ணைச் சொக்கும், கால் வைத்த இடத்தில் நிற்காது. கூட வரும் பெரியவர்களுக்கும் கவனம் தளர்ந்திருக்கும். இதனால்தான் இந்த வழிகாட்டியில் தூரம், நேரம், சாப்பாடு, ஷூலேஸ் என்று எல்லாவற்றையும் திரும்பி வரும் நேரத்தை மனதில் வைத்தே கணக்கிட்டிருக்கிறோம்.

பாதையைத் தேர்ந்தெடுப்பது

முதலில் தூரம். இதுவரை மலையில் நடந்து பழகாத குழந்தை என்றால், போகவும் வரவும் சேர்த்து இப்படி வைத்துக்கொள்ளலாம்: 2 முதல் 4 வயதுக்கு 1 முதல் 3 கி.மீ., ஏற்றம் 100 மீட்டருக்குள். 5 முதல் 7 வயதுக்கு 4 முதல் 6 கி.மீ., ஏற்றம் 200 முதல் 250 மீட்டர். 8 வயதுக்கு மேல் 8 கி.மீ. வரையும் 400 மீட்டர் ஏற்றம் வரையும் போகலாம். இரண்டு மூன்று முறை போய் வந்த குழந்தை இதைவிட அதிகம் நடக்கும். கூட்டமாகப் போகும்போது கணக்கு எப்போதும் கடைக்குட்டியை வைத்துத்தான். மூத்த பிள்ளைக்கு ஏற்ற பாதை என்று கிளம்பினால், கடைசி 2 கி.மீ. சின்னவன் யாராவது ஒருவர் முதுகில் உப்புமூட்டையாகத்தான் வருவான்.

ஏற்றம் எவ்வளவு என்று வரைபடத்தின் உயரக்கோடுகளை, அதாவது ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். 1:25,000 அளவு வரைபடத்தில் 4 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால், அந்த 4 செ.மீ.க்குள் பாதை 5 கோடுகளைத் தாண்டும் இடத்தில் 100 மீட்டர் ஏற்றம். இது குழந்தைக்கு இதமான சரிவு. 8 கோடு வரை சமாளிக்கலாம், ஆனால் அது நீளமாக இருக்கக் கூடாது. கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நெருங்கும் இடம் செங்குத்து. அங்கே பாதை கொண்டை ஊசியாக வளைந்து வளைந்து ஏறினால் பரவாயில்லை. நேராக ஏறினால் வேறு பாதை பாருங்கள்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பாதை 900 மீட்டரில் தொடங்கி 1,100 மீட்டரில் முடிகிறது, ஆக 200 மீட்டர் ஏற்றம் என்று எண்ணிக் கிளம்புவார்கள். நடுவில் 60 மீட்டர் ஆழமுள்ள பள்ளம் இரண்டு இருந்தால், போகும்போது உண்மையில் ஏறுவது 320 மீட்டர். இதைவிட மோசம், திரும்பும்போது 120 மீட்டர் மறுபடி ஏற வேண்டும். “இனிமே இறக்கம்தான்” என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு ஒரு ஏற்றத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால், அழுகை அங்கேதான் தொடங்கும். அதனால் கிளம்பும் இடத்துக்கும் சேரும் இடத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தை மட்டும் பார்க்காமல், மொத்த ஏற்றத்தைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான நடைச் செயலிகள் அதைத் தனியாகக் காட்டுகின்றன.

அடுத்தது தரை. அகலமான மண் பாதை, அமுங்கிய சரளை, வேர் ஓடிய காட்டுப் பாதை எல்லாம் நல்லவை. வழுக்கும் களிமண், காலடியில் உருளும் சல்லிச் சரிவு, ஒரு பக்கம் அதலபாதாளமாக விழும் ஒற்றையடிப் பாதை ஆகிய மூன்றும் வேண்டாம். 6 வயதுக்குட்பட்ட குழந்தை நடந்துகொண்டே பக்கத்தில் ஒரு வண்ணத்துப்பூச்சியைத் திரும்பிப் பார்க்கும், பார்த்த திசையிலேயே காலும் போகும். பாலம் இல்லாத ஓடையில் பெரியவரின் முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தால் கடக்கவே கூடாது. காலையில் கணுக்கால் அளவு இருந்த ஓடை மதிய மழைக்குப் பின் இடுப்பளவு வரலாம். திரும்பும் வழி அதன் அக்கரையில் இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

சேரும் இடம் குழந்தைக்குப் புரிகிற இடமாக இருக்கட்டும். உச்சியிலிருந்து தெரியும் காட்சியை நான்கு வயதுக் குழந்தை ரசிப்பது அரை நிமிடம்தான். ஒரு குளம், ஆழமில்லாத ஓடை, ஏறி விளையாடத் தோதான பாறை, குகை போன்ற நிழல் எதுவாக இருந்தாலும் ஒரு மணி நேரம் விளையாடும். முதல் சில முறை வளையப் பாதையை விடப் போன வழியே திரும்பும் பாதை நல்லது. வளையத்தில் பாதி தாண்டிவிட்டால் எப்படியும் முழுதும் நடந்தே ஆக வேண்டும். போன வழியே வருவதில் எந்த நிமிடமும் திரும்பலாம், எந்த இடம் வழுக்கும் என்பதும் முன்பே தெரிந்திருக்கும்.

நேரக் கணக்கு

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இது திடமான பெரியவர்களுக்கு. 5 வயதுக் குழந்தை கூட வந்தால் அதை இரண்டால் பெருக்கி, ஓய்வையும் சேர்க்க வேண்டும். 4 கி.மீ. நடை, 200 மீட்டர் ஏற்றம் என்றால் நெய்ஸ்மித் கணக்கில் 48 நிமிடமும் 20 நிமிடமும் சேர்ந்து 68 நிமிடம். இரண்டால் பெருக்கினால் இரண்டே கால் மணி நேரம். சாப்பாடு, விளையாட்டு, ஒதுங்குவது எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம். ஆக மூன்றே கால். 3 வயதுக் குழந்தை என்றால் மூன்றால் பெருக்குங்கள்.

இந்த நேரத்தை மாலையிலிருந்து பின்னோக்கி வையுங்கள். வண்டி நிற்கும் இடத்துக்குத் திரும்பும்போது இருட்ட இன்னும் இரண்டு மணி நேரமாவது இருக்க வேண்டும். வெயில் ஏற ஏற மலைச்சரிவுக் காற்று சூடாகி மேலே போய் மதியத்துக்கு மேல் இடிமேகமாகத் திரள்வது பல மலைகளில் வழக்கம். விடிந்ததும் கிளம்பி மதியத்துக்குள் இறங்கிவிட்டால் வெயில், இடி, தூக்க நேரம் மூன்றிலிருந்தும் தப்பலாம்.

கிளம்பும் முன்பே திரும்பும் நேரம் ஒன்றைத் தீர்மானித்துப் பெரியவர்கள் எல்லாரும் ஒப்புக்கொள்ளுங்கள். “பத்தரைக்கு எங்கே இருந்தாலும் திரும்பல்” என்று சொல்லிவிட்டால், மேலே போய் “இன்னும் கொஞ்ச தூரந்தானே” என்ற பேச்சுக்கு இடமில்லை. எந்தப் பாதை, எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

முதுகில் வரும் குழந்தை

சட்டகம் உள்ள கேரியரில், அதாவது முதுகில் மாட்டும் குழந்தை இருக்கையில், குழந்தையை உட்கார வைக்க, அது பிடிமானம் இல்லாமல் தானாக உட்காரவும் தலையை உறுதியாக நிறுத்தவும் பழகியிருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல்தான் அது வரும். கேரியரில் எழுதியிருக்கும் எடை வரம்பு பெரும்பாலும் 18 முதல் 22 கிலோ. அது குழந்தைக்கு மட்டுமான வரம்பா, பைகளில் வைக்கும் சாமானும் சேர்ந்ததா என்பதைப் படித்துப் பாருங்கள். 12 கிலோ குழந்தை, 3 கிலோ கேரியர், 2 லிட்டர் தண்ணீர் என்றாலே முதுகில் 17 கிலோ. குழந்தையைச் சுமப்பவருக்கு வேறு பை கொடுக்காதீர்கள். கையில் ஒரு ஊன்றுகோல் இருந்தால் இறக்கத்தில் பெரிய உதவி.

கேரியரில் நடக்கும் விபத்துகள் சிறியவைதான், ஆனால் ஒரே மாதிரி நடக்கும். குழந்தையின் தலை உங்கள் தலை உயரத்திலோ அதற்கு மேலோ இருக்கும், நீங்கள் குனியாமல் நுழைகிற கிளை அதன் முகத்தில் அடிக்கும். கீழே இறக்கி வைக்கும்போது தரை சாய்வாக இருந்தால் கேரியர் குழந்தையோடு கவிழும்.

இதைவிடக் கவனிக்க வேண்டியது குளிர். நீங்கள் நடந்து வியர்ப்பீர்கள், பின்னால் குழந்தை அசையாமல் உட்கார்ந்திருக்கும். தொங்கும் கால்களில் பட்டை அழுத்தினால் ரத்த ஓட்டமும் குறையும். அதற்கு உங்களைவிட ஒரு உடுப்பு கூடுதலாக வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை பிடரியில் கை வைத்துப் பாருங்கள். பிடரி வெதுவெதுப்பாக இருந்தால் சரி, சில்லென்று இருந்தால் உடுப்பு போதவில்லை. கை விரல்களை மட்டும் தொட்டு முடிவு செய்ய முடியாது, அவை எப்போதும் கொஞ்சம் குளிர்ந்தே இருக்கும். ஒரு மணிக்கு ஒரு முறை இறக்கிக் காலை உதறி விளையாட விடுங்கள். உறைகுளிரில் கேரியர் வேண்டவே வேண்டாம்.

ஷூவும் உடையும்

குழந்தைக்கு விலை உயர்ந்த மலையேற்ற பூட்ஸ் தேவையில்லை. அடிப்பாகம் ஆழமாக வரி வெட்டியிருக்கும், விரல் மடங்கும் இடத்தில் வளையும் ஸ்போர்ட்ஸ் ஷூ போதும். பெருவிரலுக்கு முன்னால் உங்கள் கட்டைவிரல் அகலம், அதாவது ஒரு செ.மீ.க்குக் கொஞ்சம் மேல் இடம் இருக்க வேண்டும். அந்த இடம் இறக்கத்துக்காக. இறங்கும்போது பாதம் முன்னே சறுக்கி விரல் நுனி ஷூவில் முட்டும். முதல் நாள் இரவே நகம் வெட்டி விடுங்கள். புது ஷூவை மலையில் முதல்முறையாகப் போடாதீர்கள்.

பருத்தி உடையும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது, உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சீக்கிரம் காயும் விளையாட்டுத் துணி உள்ளே, ஸ்வெட்டர் அல்லது ஃபிளீஸ் அதற்கு மேல், காற்றும் மழையும் புகாத ஜாக்கெட் வெளியே. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும், காற்று அடித்தால் இன்னும் குளிரும். புற ஊதாக் கதிரோ 1,000 மீட்டருக்குச் சுமார் 10 சதவீதம் கூடும். அதனால் குளிராக இருந்தாலும் தொப்பி, சன்ஸ்கிரீன் இரண்டும் வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு நிழலும் துணியும்தான் பாதுகாப்பு.

பையில் என்ன இருக்க வேண்டும்

தண்ணீர், குழந்தைக்கு நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 250 மி.லி., வெயில் நாளில் 400. கேட்கும் வரை காத்திருக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நான்கைந்து மடக்கு கொடுங்கள். சாப்பாடு, கணக்குப் போட்டதைவிட ஒரு வேளை கூடுதலாக. ஒவ்வொரு குழந்தைக்கும் முழு மாற்றுடையும் இரண்டு ஜோடி சாக்ஸும், தண்ணீர் புகாத ஜிப் கவரில். மழை ஜாக்கெட், வானம் தெளிவாக இருந்தாலும். நெற்றியில் கட்டும் டார்ச், சார்ஜ் ஏற்றிய போன், வரைபடத்தின் அச்சுப் பிரதி அல்லது இணையம் இல்லாமல் திறக்கும் நகல். பேண்டேஜ், ஒட்டும் டேப், கிருமிநாசினி, சுளுக்குக்குச் சுற்றும் கிரேப் பேண்டேஜ், நுனி மெல்லிய இடுக்கி, ஓஆர்எஸ் பொட்டலம், குழந்தையின் எடைக்கேற்ற காய்ச்சல் மருந்து. உடம்பைச் சுற்றிப் போர்த்தும் அவசர அலுமினியப் போர்வை ஒன்று, மடித்தால் கைக்குட்டை அளவுதான் இருக்கும். அசுத்த டயப்பரையும் ஈரத் துடைப்பானையும் திரும்பக் கொண்டுவர இறுக்கி மூடும் கவர். அவற்றை மலையில் புதைக்கக் கூடாது.

குழந்தைக்கும் ஒரு சின்னப் பை கொடுங்கள். அதில் ஒரு ஸ்வெட்டர், சிறு தண்ணீர் பாட்டில், விசில். மொத்த எடை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது: 18 கிலோ குழந்தைக்கு 1.8 கிலோ. களைத்ததும் அந்தப் பையும் உங்கள் தோளுக்குத்தான் வரும், இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறும்போது

கிளம்பிப் பத்து நிமிடத்தில் ஒரு முறை நில்லுங்கள். உடம்பு சூடானதும் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் உள்ளுடை வியர்வையில் நனைந்து பின்னால் குளிரும். ஷூவுக்குள் கல்லோ சாக்ஸ் மடிப்போ இருந்தால் அதுவும் இப்போது தெரிந்துவிடும். “குதிகால் எரியுது” என்று குழந்தை சொன்னால் அந்த இடத்திலேயே கழற்றிப் பாருங்கள். சிவந்திருக்கும்போதே டேப் ஒட்டினால் கொப்புளம் வராது.

முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒருவர், குழந்தைகள் நடுவில். வேகத்தைக் குழந்தைகளிடம் விடுங்கள், அதுவும் மெதுவாக நடக்கும் குழந்தையிடம். ஐந்து வயதுக்குட்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பெரியவர் பொறுப்பாக இருக்க வேண்டும். யார் யாரைப் பார்க்கிறார் என்று பேர் சொல்லித் தீர்மானியுங்கள். எல்லாரும் பார்க்கிறார்கள் என்றால் யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அரை மணி முதல் முக்கால் மணிக்கு ஒரு முறை ஒரு வாய் ஏதாவது கொடுங்கள்: வாழைப்பழம், ரொட்டி, உலர்பழம். உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும். நடந்துகொண்டே மிட்டாய் சப்பும் குழந்தை தடுக்கி விழுந்தால் அது தொண்டையில் சிக்கும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழுக் கொட்டைகள் எப்போதுமே வேண்டாம். அடம் பிடிக்கும் குழந்தைக்குப் பாதி நேரம் பசிதான் காரணம், திட்டும் முன் ஊட்டிப் பாருங்கள்.

கல்லை எறிவதும் உருட்டுவதும் குழந்தைக்குப் பிடித்தமான விளையாட்டு. கீழே பாதை வளைந்து வரும் இடத்தில் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும், கீழ் வளைவில் ஆள் நடந்துகொண்டிருக்கலாம். ஒதுங்க வேண்டுமானால் தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 செ.மீ. ஆழக் குழி தோண்டி மூடிவிட வேண்டும். அதற்கு ஒரு சிறு கைமண்வெட்டி போதும்.

இறங்கும்போது

சேருமிடத்தில் சாப்பிட்டு, விளையாடி, கிளம்பும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி எல்லாருடைய ஷூலேஸையும் புதிதாகக் கட்டுங்கள். குழந்தையைக் குதிகாலால் தரையைத் தட்டச் சொல்லுங்கள், பாதம் பின்னால் போய் உட்காரும். கீழிருந்து மேலாக லேஸை இறுக்கி வாருங்கள். கணுக்கால் பக்கம் கடைசித் துளைக்கு வந்ததும் லேஸை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல், அதே பக்கத் துளையிலேயே உள்ளே விட்டால் சின்ன வளையம் ஒன்று நிற்கும். இரு பக்கமும் அப்படி வளையம் வைத்து, ஒவ்வொரு முனையையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் நுழைத்து இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் அசையாது, விரல் முன்னே போய் முட்டாது. வெல்க்ரோ ஷூ என்றால் மேல் பட்டையை ஒரு முறை பிரித்து இறுக்கினால் போதும்.

இறக்கத்தில் பெரியவர் குழந்தைக்குக் கீழ்ப்பக்கம் நடக்க வேண்டும், சறுக்கினால் உங்கள் மேல்தான் விழும். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, சின்னச் சின்ன அடியாக வைக்கச் சொல்லிக் கொடுங்கள். “ஓடாதே” என்று கத்துவதைவிட “ஆமை மாதிரி வா” என்பது வேலை செய்யும்.

கையைப் பிடிப்பதில் ஒரு எச்சரிக்கை. குழந்தை தடுக்கும்போது மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று மேலே தூக்குவது நம் எல்லாருக்கும் அனிச்சையாக வரும். ஐந்து வயதுக்குள் முழங்கை மூட்டைச் சுற்றியுள்ள பிணைப்பு இன்னும் தளர்வாக இருக்கும். அப்படி இழுத்தால் எலும்பின் தலை அதிலிருந்து நழுவிவிடலாம். குழந்தை அந்தக் கையை அசைக்காமல் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டால் அதுவாக இருக்கக்கூடும். இழுத்துப் பார்க்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள், பெரும்பாலும் ஒரு நொடியில் சரிசெய்துவிடுவார். இறக்கத்தில் குழந்தையின் அக்குளுக்கடியில் பிடியுங்கள், அல்லது அதன் பையின் மேல் கைப்பிடியைப் பிடியுங்கள். அல்லது உங்கள் விரலைக் குழந்தை பிடிக்கட்டும்.

நிலைமை மாறினால்

அதுவரை பேசிக்கொண்டு வந்த குழந்தை திடீரென்று அமைதியாகிவிட்டால், தடுமாறி நடந்தால், வார்த்தை குழறினால், உடனே நில்லுங்கள். உடம்பு சூடு இறங்குவதன் அறிகுறி அது. பெரியவர்களைவிடக் குழந்தைகள் வேகமாகக் குளிர்ந்துவிடுவார்கள். காற்றுப் படாத இடத்தில் ஈர உடையை முழுக்க மாற்றி, தொப்பி போட்டு, மார்போடு அணைத்து அலுமினியப் போர்வையைச் சுற்றுங்கள். விழுங்கும் நிதானம் இருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். தெளியாவிட்டால் தாமதிக்காமல் உதவி கேளுங்கள். அந்தப் பகுதியின் அவசர எண்ணைக் கிளம்பும் முன்பே போனில் பதிந்து வையுங்கள். இந்தியாவிலும் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் அது 112.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் புயல் 10 கி.மீ.க்குள் வந்துவிட்டது. உச்சி, முகடு, தனி மரம், தண்ணீர் ஓரம் இவற்றை விட்டு இறங்கிவிடுங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை மேலே போகக் கூடாது.

2,500 மீட்டருக்கு மேல் போனால் உயரமே நோயைத் தரலாம். கேபிள் காரிலோ வண்டியிலோ சட்டென்று மேலே போனால் இன்னும் கடுமை. பேசத் தெரியாத குழந்தை தலை வலிக்கிறது என்று சொல்லாது. சாப்பிட மறுக்கும், காரணமில்லாமல் சிணுங்கும், வாந்தி எடுக்கும். சந்தேகம் வந்தாலே இறங்கிவிடுங்கள். சின்னக் குழந்தைகளோடு முதல் நடைகளை 2,000 மீட்டருக்குள் வைத்துக்கொள்வது நல்லது.

வழி தவறினால் என்ன செய்வது என்பதைக் கிளம்பும் இடத்திலேயே குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்கள். சான் டியாகோ பக்கம் 1981இல் ஒரு சிறுவன் மலையில் தொலைந்து இறந்த பிறகு, மீட்புப் பணியாளர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கிய பாடம் ஒரே வரி: மரத்தைக் கட்டிப்பிடித்து அங்கேயே இரு. நடந்துகொண்டே இருக்கும் குழந்தையைத் தேடுவது கடினம். “எங்களைக் காணோம் என்றால் பக்கத்து மரத்துக்கிட்ட உட்காரு, மூணு தடவை விசில் ஊது, கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊது, நாங்க வந்துடுவோம், திட்ட மாட்டோம்.” அந்தக் கடைசி வார்த்தையை விட்டுவிடாதீர்கள். திட்டுக்குப் பயந்து ஒளிந்துகொள்ளும் குழந்தைகள் உண்டு. பளிச்சென்ற நிறத்தில் உடை போட்டு, கிளம்பும் முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அன்று என்ன உடுத்தியிருந்தது என்பது பதற்றத்தில் நினைவுக்கு வராது.

வண்டிக்குத் திரும்பியதும்

ஈர உடையை மாற்றிவிட்டுக் காதுக்குப் பின்னால், அக்குள், தொடையிடுக்கு, முழங்காலின் பின்பக்கம், தலைமுடி அடி எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மெல்ல இழுங்கள். எண்ணெயோ நெருப்போ வேண்டாம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்போ வந்தால், கடித்த தேதியையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அட்டை என்றால் நகத்தை அதன் மெல்லிய வாய்ப்பக்கம் வைத்துத் தள்ளினாலே விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் கசியும், சுத்தத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். நனைந்த ஷூவின் உள்ளட்டையை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணித்து நிழலில் வையுங்கள். அடுப்புப் பக்கமோ கடும் வெயிலிலோ வைத்தால் அடிப்பாகப் பசை விட்டு, அடுத்த மலையில் பாதி வழியில் வாய் பிளக்கும்.